மருந்து ஏறியது அரை மணி நேரம், உடம்பு தேறியது பல மாதம்

ஒரு தவணைக்கு 59,750 ரூபாய். 2021 மே மாதக் கடைசியில் கொரோனாவுக்காக இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஆன்டிபாடி காக்டெய்லின், அதாவது எதிர்ப்புப் புரதக் கலவையின், விலை அது. காசிரிவிமாப், இம்டெவிமாப் என்ற இரண்டு மருந்துகளும் ஒவ்வொன்றும் 600 மில்லிகிராம், இரண்டையும் கலந்து நரம்பில் ஏற்ற வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையின் வீட்டில் அவ்வளவு பணம் பெட்டியில் இருக்காது. வளையல்களை அடகு வைத்துத்தான் புரட்டினோம். அதற்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை. ஆனால் அந்தப் பணம் எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்பதை விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் மருந்து ஏறி முடிந்த அன்றே நோயும் முடிந்துவிட்டதாக எங்கள் பக்கத்து வீடுகளில் எடுத்துக்கொள்கிறார்கள். காய்ச்சல் விட்டதும் பெண்கள் அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள். அதில்தான் பலருடைய உடம்பு கெட்டுப்போனது.

எனக்கு நெடுநாளாக முடக்குவாதம். அதற்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. கூடவே சர்க்கரையும் உண்டு. முடக்குவாதத்தில் உடம்பின் காவல் படையே மூட்டுகளைத் தாக்குகிறது என்பதால், அந்தப் படையின் வேகத்தைக் குறைப்பதற்கே அந்த மாத்திரை. கொரோனா போன்ற வைரஸ் உள்ளே வந்தால் அதை எதிர்ப்பதற்கான ஆன்டிபாடியை என் உடம்பு மெதுவாகத்தான் தயாரிக்கும், போதிய அளவு தயாரிக்காமலும் போகலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். தடுப்பூசியின் முதல் தவணை மட்டும் போட்டிருந்தேன். இரண்டாம் அலை தணியத் தொடங்கி, ஊரடங்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்த ஜூன் மாதத்தில் தொண்டைக் கரகரப்பும் காய்ச்சலும் வந்தன. மறுநாளே அம்பாசமுத்திரத்தில் சளி மாதிரி கொடுத்தேன். முடிவு பாசிட்டிவ்.

எங்கள் குடும்ப மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதல்ல. "டீச்சர், முதல் அறிகுறி எந்தத் தேதியில் தொடங்கியது? சரியாக யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். தொண்டை கரகரத்த நாளை நான் நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தேன். அந்தக் குறிப்பை வைத்துத்தான் எல்லா முடிவுகளும் எடுக்கப்பட்டன.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. வயல்காட்டுப் பக்கம் வாழும் நமக்கு இந்த மருந்தைப் புரியவைப்பது எளிது. பாம்பு கடித்தவரைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமே, அங்கே போடுகிற விஷமுறிவு மருந்தும் ஆன்டிபாடிதான். குதிரையின் உடம்பில் சிறிது சிறிதாக விஷத்தைச் செலுத்தி, அந்தக் குதிரை தயாரித்த எதிர்ப்புப் புரதத்தை எடுத்து மனிதனுக்குக் கொடுக்கிறார்கள். கடித்தவுடன் கொடுத்தால் இரத்தத்தில் சுற்றும் விஷத்தை அது கட்டிப்போடும். தசையும் சிறுநீரகமும் ஏற்கெனவே கெட்டிருந்தால் அந்தச் சேதத்தை அது திருப்பிச் சரிசெய்யாது. கொரோனாவுக்கான ஆன்டிபாடியும் இதே போலத்தான், ஆனால் இது குதிரையிலிருந்து வருவதில்லை, ஆய்வுக்கூடத்தில் செல்களை வளர்த்து ஒரே அச்சில் தயாரிக்கப்படுகிறது. வைரஸின் மேலிருக்கும் முள் போன்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு, அது நம் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கும். நுழைந்து முடித்த வைரஸையும் நுரையீரலில் பற்றிய அழற்சியையும் அது ஒன்றும் செய்யாது.

ஆகவே காலம்தான் எல்லாம். அறிகுறி தொடங்கிப் பத்து நாளுக்குள், அதிலும் முடிந்தவரை முன்னதாக, ஆக்சிஜன் தேவைப்படும் நிலை வருவதற்குள் ஏற்ற வேண்டும். அப்படி ஆரம்பத்திலேயே கொடுத்தபோது, ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் மருத்துவமனையில் சேரும் நிலையோ இறப்போ ஏறக்குறைய 70 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு காட்டியிருந்தது. பிரிட்டனின் ரெகவரி ஆய்வு அதே 2021 ஜூனில் இன்னொன்றைச் சொன்னது. மருத்துவமனையில் சேர்ந்துவிட்டவர்களில் சொந்தமாக ஆன்டிபாடி உருவாகாதவர்களுக்கு மட்டுமே இம்மருந்து பயன்பட்டது, அவர்களிடம் இறப்பு 30 விழுக்காட்டிலிருந்து 24 விழுக்காடாகக் குறைந்தது. அங்கே கொடுத்த அளவு இங்கே கொடுத்ததைவிடப் பல மடங்கு பெரியது. சொந்த ஆன்டிபாடி உருவாகிவிட்டவர்களுக்குப் பலன் தெரியவில்லை. என்னைப் போல எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று அந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தெரியும்.

மருந்து வந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு பெட்டியில் இருக்கும் மருந்து இரண்டு பேருக்கானது. குப்பியைத் திறந்தால் குளிர்பதனத்தில் வைத்து 48 மணி நேரத்துக்குள் இரண்டாம் ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் முதலில் விசாரித்த தனியார் மருத்துவமனையில் முழுப் பெட்டிக்கும் பணம் கட்டினால்தான் வரவழைப்போம் என்றார்கள். அதாவது ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு ஐந்நூறு குறைவு. பாதி மருந்து வீணாகும் என்று தெரிந்தும் அப்படிக் கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் மருத்துவர் விடாமல் தொலைபேசியில் பேசி, திருநெல்வேலியில் வேறொரு மருத்துவமனையில் அதே மருந்துக்காகக் காத்திருந்த இன்னொருவரைக் கண்டுபிடித்தார். நாங்குநேரிப் பக்கத்துப் பெரியவர், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர். அவர் குடும்பமும் எங்கள் குடும்பமும் பேசி ஒரே பெட்டியைப் பகிர்ந்துகொண்டோம். விலை உயர்ந்த மருந்து எதுவானாலும் குப்பியின் அளவு என்ன, உங்களுக்குத் தேவையான அளவு என்ன, மீதியை என்ன செய்வார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை வழியாகக் கார் போனது. கண்ணாடிகளை இறக்கி வைத்திருந்தோம், எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தோம். மருத்துவமனையில் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன், சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். எனக்கு முன்பு எந்த மருந்துக்காவது ஒவ்வாமை வந்ததா என்று இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். பிறகு உப்புநீர்ப் பையில் மருந்தைக் கலந்து டிரிப்ஸ் போட்டார்கள். அரை மணி நேரம் இருக்கும். வலி இல்லை, ஊசி ஏறிய கையில் ஒரு குளிர்ச்சி மட்டும் தெரிந்தது. அடுத்த கட்டிலில் அந்தப் பெரியவர். "அண்ணாச்சி, நல்லா இருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "இரண்டு பேருக்கும் ஒரே குப்பி, அம்மா. இனி நாம் உறவுக்காரர்கள்" என்றார். அவர் குணமாகி வீடு திரும்பினார் என்று பின்னால் கேள்விப்பட்டபோது என் சொந்த அண்ணன் பிழைத்தது போல் அழுதுவிட்டேன்.

மருந்து ஏறி முடிந்ததும் எழுந்து போய்விடக் கூடாது. ஒரு மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும். மூச்சு முட்டல், உடம்பில் தடிப்பு, முகம் வீங்குதல், தலைசுற்றல் ஆகியவை அந்த நேரத்தில்தான் வரக்கூடும். எனக்கு அப்படி எதுவும் இல்லை. அன்று இரவு மட்டும் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் சற்றுக் கூடின. அதுவும் வரலாம் என்று சிஸ்டர் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்ததால் வீட்டில் யாரும் பதறவில்லை. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்தேன். அடுத்த ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கியது. ஆக்சிஜன் அளவு ஒருமுறையும் 94-க்குக் கீழே போகவில்லை. அந்தப் பணம் எனக்கு வாங்கித் தந்தது இதைத்தான். அது சிறிய விஷயமல்ல. அதே மாதத்தில் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் மரணம் நடந்திருந்தது.

ஆக்சிமீட்டர் பற்றி ஒரு வார்த்தை. அதை விரலில் மாட்டியதும் வருகிற முதல் எண்ணை நம்பக் கூடாது. ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து, கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மாட்டி, எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிடம் நடந்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது 97 காட்டி, நடந்ததும் மூன்று நான்கு புள்ளி இறங்கினால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். கருமையான தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பது ஆய்வில் தெரிந்த விஷயம். ஆகவே எண் நன்றாக இருந்தும் மூச்சு இழுத்தால் மூச்சைத்தான் நம்ப வேண்டும். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் என் கணவர் ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதி வைத்தார். மருத்துவரிடம் பேசும்போது அந்த நோட்டு இருந்ததால் ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது.

அந்த நாட்களில் எங்களுக்கு வந்த ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை முதல் நாளிலிருந்தே போடு என்றார் ஓர் உறவினர். ஆக்சிஜன் தேவைப்படுபவருக்கு உயிர் காக்கும் அந்த மருந்து, தேவைப்படாதவருக்கு நன்மை செய்வதில்லை, சர்க்கரையையும் ஏற்றிவிடும். மருத்துவர் கண்டிப்பாக வேண்டாம் என்றார். நொச்சி, வேப்பிலை போட்டு மணிக்கொரு முறை ஆவி பிடிக்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். மூக்கடைப்புக்கு ஒரு வேளை இதமாக இருக்கும், ஆனால் அது வைரஸைக் கொல்லாது, கொதிநீர் கொட்டி வெந்துபோனவர்கள் உண்டு. கபசுரக் குடிநீரை ஊரெல்லாம் குடித்தார்கள், எங்கள் வீட்டிலும் குடித்தார்கள். எனக்கு மட்டும் வேறு மருந்துகள் இருப்பதால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் எதையும் எடுத்தேன். மெத்தோட்ரெக்சேட்டை அந்த வாரங்களில் நிறுத்தி வைக்கச் சொன்னதும் மூட்டு நோய் மருத்துவர்தான். மறுபடி தொடங்கச் சொன்னதும் அவர்தான். இந்த மாத்திரையை நாமாக நிறுத்துவதும் நாமாகத் தொடங்குவதும் ஒரே அளவு ஆபத்து.

இனிச் சொல்லப்போவதுதான் நான் எழுத வந்த விஷயம்.

காய்ச்சல் விட்டது. இருமல் பாதியாகக் குறைந்தது. தனிமைக் காலம் முடிந்தது. வீட்டில் எல்லோர் முகத்திலும் வெளிச்சம். அப்போதுதான் எனக்கு உண்மையான நோய் தொடங்கியது போல் இருந்தது. குளித்துத் தலை வாரிப் பின்னல் போட்டால் போதும், கட்டிலில் போய் விழ வேண்டியிருந்தது. அது சாதாரண அசதி அல்ல, தூங்கி எழுந்தால் போகிற அசதியும் அல்ல. இன்னும் வினோதம், அன்றைக்குச் செய்த வேலையின் தண்டனை அன்றைக்கு வருவதில்லை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ வரும். திங்கட்கிழமை கொஞ்சம் தெம்பாக இருக்கிறதே என்று இரண்டு வாளித் துணி துவைத்தால் புதன்கிழமை எழுந்திருக்க முடியாது. இடையில் ஒரு நாள் இருப்பதால் எது எதனால் வந்தது என்று புரியாது. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் களைப்பின் இயல்பே இதுதான் என்று மருத்துவர் விளக்கியபோது எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

என் மதினி, அண்ணன் மனைவி, நல்ல உழைப்பாளி. அவர்களுக்கும் அதே மாதத்தில் நோய் வந்து, ஊசி எதுவும் இல்லாமலேயே காய்ச்சல் விட்டது. விட்ட மறுநாள் கூட்டுக் குடும்பத்துக்கு மாவாட்ட நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் முழுக்கப் படுக்கை. மறுபடி எழுந்து மறுபடி வேலை, மறுபடி படுக்கை. தீபாவளிவரை அவர்களுக்கு இதுவே கதையாக இருந்தது. எனக்குக் கிடைத்த மருந்து அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதைவிட, எனக்குக் கிடைத்த ஓய்வு அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே என் மனத்தை அதிகம் அறுக்கிறது. மருந்துக்குத்தான் 59,750 ரூபாய், ஓய்வுக்கு எந்த வீட்டிலும் விலை கிடையாது.

நான் ஓய்வெடுத்த முறையைச் சொல்கிறேன். களைத்த பிறகு படுப்பதில்லை, களைக்குமுன் படுப்பது. ஒரு வேலையைத் தொடங்கி, இன்னும் செய்யலாம் என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும். காய் நறுக்குவது உட்கார்ந்து, குளிப்பது ஸ்டூலில் உட்கார்ந்து, தலைக்குக் குளிக்கும் நாளில் வேறு எந்த வேலையும் கிடையாது. காலையில் ஒரு வேலை, மாலையில் ஒரு வேலை, நடுவில் கண்ணை மூடிப் படுத்திருப்பது. படுத்துக்கொண்டு செல்பேசி பார்ப்பது ஓய்வில் சேராது. மூளைக்கும் அதே களைப்பு இருக்கிறது. கணவர் நோட்டில் ஆக்சிஜன் எழுதிய பக்கங்களுக்குப் பின்னால், நான் அன்றைக்கு என்ன செய்தேன், மறுநாளும் அதற்கடுத்த நாளும் எப்படி இருந்தேன் என்று எழுதத் தொடங்கினேன். சில வாரத்தில் என் எல்லை எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வாரம் முழுக்கப் பின்விளைவு இல்லாமல் கடந்தால் மட்டும் கொஞ்சம் கூட்டினேன். "மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு நட, எல்லாம் சரியாகும்" என்றவர்களிடம் நான் பணிவாகவே பதில் சொன்னேன், ஆனால் நடக்கவில்லை. இந்தக் களைப்பை மனத்திடத்தால் வெல்ல முடியாது. வெல்லப் பார்த்தால் இன்னும் கீழே தள்ளும்.

மூச்சுக்கு ஒரு பயிற்சி மிகவும் உதவியது. மூக்கால் மெதுவாக இழுத்து, விளக்கை ஊதி அணைப்பதற்கு உதட்டைக் குவிப்பதுபோல் குவித்து, இழுத்ததைப்போல் இருமடங்கு நேரம் எடுத்து வெளியே விடுவது. படி ஏறும்போது மூச்சை விட்டபடி ஏற வேண்டும், அடக்கிக்கொண்டு ஏறக் கூடாது. மூச்சு வாங்கினால் நின்று, முன்னால் சாய்ந்து, கைகளைச் சுவரிலோ மேசையிலோ ஊன்றிக்கொள்ள வேண்டும். நடை முதலில் முற்றத்துக்குள், பிறகு தெருமுனைவரை, பிறகுதான் கன்னடியன் கால்வாய்க் கரை. கரையில் நடக்கும்போது பேச முடிகிறதா என்பதுதான் என் அளவுகோல். ஒரு முழு வாக்கியத்தைத் தடையில்லாமல் பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. வாய் கசந்த நாட்களில் உளுந்தங்கஞ்சியும் சிறுபயறுக் கஞ்சியும், பசி வந்த பிறகு முட்டை, மீன், கூட்டாஞ்சோறு. சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. கருப்பட்டி நல்லது என்று சுக்குக் காப்பியிலும் உளுந்தங்களியிலும் அள்ளிப் போட்டுக் கொடுக்கிறார்கள். அன்பினால் செய்கிறார்கள். உடன்குடிக் கருப்பட்டியானாலும் இரத்தத்தில் அது சர்க்கரைதான். நோய்க் காலத்தில் சர்க்கரை அளவு தானாகவே ஏறும் என்பதால் நான் வழக்கத்தைவிட அதிகமுறை பரிசோதித்தேன்.

வாசனை போன கதைக்கு எங்கள் ஊரே சாட்சி. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் வீடுகள் நிறைய. உளுந்து மாவில் பெருங்காயம் சேர்த்துப் பிசையும்போது அந்த மணம் தெருவில் நிற்கும். ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது எதிர்வீட்டில் மாவு இடிக்கிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகில் வைத்தேன், அப்போதும் ஒன்றுமில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த தாமஸ் ஹும்மல் என்ற மருத்துவர் 2009-இல் வெளியிட்ட ஒரு பயிற்சி முறை இதற்கு இருக்கிறது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ் ஆகிய நான்கு மணங்களைக் காலையும் மாலையும் ஒவ்வொன்றாகச் சில நொடிகள் முகர வேண்டும், குறைந்தது 12 வாரம். முகரும்போது அந்த மணம் எப்படி இருக்கும் என்று மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் வீட்டிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைப்பவை. வாசனை திரும்பும் வழியில் சிலருக்கு வெங்காயம், காப்பி, தாளிப்பு எல்லாம் அழுகல் நாற்றமாகத் தெரியும். எனக்குக் காப்பி அப்படித்தான் இருந்தது. மூக்கின் நரம்புகள் மறுபடி இணையும்போது நேரும் குழப்பம் அது, கெட்ட அறிகுறி அல்ல. இந்தக் காலத்தில் எரிவாயுக் கசிவும் தீய்ந்த வாடையும் தெரியாது என்பதால் அடுப்பை மகள்தான் இரவில் சரிபார்ப்பாள்.

இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கடுமையான காய்ச்சலுக்குப் பிறகு வேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போவதால் வருவது, தானாகவே திரும்ப வளரும். எண்ணெய்க்கும் ஷாம்புக்கும் பணத்தைக் கொட்ட வேண்டாம். எழுந்து நின்றதும் நெஞ்சு படபடப்பது, பெயர்கள் மறப்பது, இரவு தூக்கம் வராதது ஆகியவையும் இருந்தன. படபடப்புக்கு மட்டும் இசிஜி எடுத்துப் பார்த்துக்கொண்டோம். பயம் தெளிந்தது.

எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுவலி, ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத்திணறல், உதடு நீலமாதல், குழப்பம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் என இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. சர்க்கரை உள்ளவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் கன்னத்தில் வலி, முகத்தில் ஒரு பக்கம் மரத்தல், மூக்கில் கறுப்பான கசிவு, பார்வை இரண்டாகத் தெரிதல் ஆகியவை கரும்பூஞ்சையாக இருக்கலாம். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்திருந்தார்கள். நான் தினமும் கண்ணாடியில் முகத்தையும் அண்ணத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

மருத்துவமனையில் கொடுத்த தாள்களில் மருந்தின் பெயர், அளவு, தேதி, தயாரிப்புத் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) எல்லாம் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். இதற்கு இரண்டு காரணங்கள். ஆன்டிபாடி ஏற்றிக்கொண்டவர்கள் மூன்று மாதம் கழித்துத்தான் தடுப்பூசி போட வேண்டும் என்பது அப்போது ஒன்றிய அரசின் விதி. முகாமில் கேட்டபோது அந்தத் தாள்தான் பேசியது. இன்னொன்று, ஏற்றிய பிறகு சில மாதங்களுக்கு இரத்தத்தில் ஆன்டிபாடி பரிசோதனை செய்தால் அளவு எக்கச்சக்கமாகக் காட்டும். அது நம் உடம்பு தயாரித்தது அல்ல, வெளியிலிருந்து ஏற்றியது. அந்த எண்ணைப் பார்த்து எனக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது என்று தடுப்பூசியைத் தவிர்த்தவர்களை நான் அறிவேன். ஏற்றிய புரதம் மெல்லக் கரைந்து போய்விடும்.

2021 நவம்பர் 1 அன்று 1 முதல் 8-ஆம் வகுப்புவரை பள்ளிகள் திறந்தன. நாலாம் வகுப்புப் பிள்ளைகளை அத்தனை நாளுக்குப் பிறகு பார்த்த மகிழ்ச்சியில் முதல் பாடவேளை முழுக்கப் பேசிவிட முடியும் என்று தோன்றியது. ஆனால் உரக்கப் பேசுவது எவ்வளவு மூச்சைக் கேட்கும் வேலை என்று ஆசிரியர்களுக்குத்தான் தெரியும். தலைமையாசிரியரிடம் முன்பே பேசி, தொடர்ச்சியாக இரண்டு பாடவேளை வராதபடி அட்டவணையை மாற்றிக்கொண்டேன். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி நான் கேட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தினேன். வேலைக்குத் திரும்புகிறவர்கள் இப்படிக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த கோடை விடுமுறை வந்தபோதுதான் நான் பழைய ஆளாகிவிட்டேன் என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது.

எனக்குக் கொடுத்த அந்த மருந்து இன்று பயன்படாது. ஓமிக்ரான் வகையில் வைரஸின் முள் புரதம் மாறிவிட்டதால் ஆன்டிபாடி ஒட்ட இடமில்லாமல் போயிற்று. 2022 ஜனவரியிலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதன் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. பூட்டு மாறினால் சாவியும் மாற வேண்டும். ஆனால் காலக் கணக்கு மாறவில்லை. கொரோனாவுக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளை அறிகுறி தொடங்கிய 5 நாட்களுக்குள் தொடங்க வேண்டும். இன்புளூயன்சாவுக்கான ஒசெல்டாமிவிர் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். முடக்குவாதம், சிறுநீரக மாற்று, புற்றுநோய் சிகிச்சை, கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள் காய்ச்சல் வந்தபின் யோசிக்காமல், இப்போதே தங்கள் மருத்துவரிடம் எனக்கு வந்தால் முதல் நாளில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போதும் எங்கள் ஊர்ப் பெண்களும் கூட வேலை பார்ப்பவர்களும் காய்ச்சல் என்றால் என்னை அழைக்கிறார்கள். முதலில், தொண்டை கரகரத்த தேதி எது என்று கேட்கிறேன். தேதியைச் சொன்னதும், வீட்டில் இப்போது யார் சமைக்கிறார்கள் என்று கேட்கிறேன். "நான்தான் அக்கா, வேறு யார்?" என்று பதில் வந்தால், தொலைபேசியை வீட்டுக்காரரிடம் கொடுக்கச் சொல்லி, மீதியை அவரிடம் பேசுகிறேன்.